இட்லிக்கடைக்காரி கதையின் முதல் துண்டு

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காலையிலேயே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரி ரீட்டா சர்ச்சில் பூசைக்குப் போனாள். நான் போகவில்லை. ட்ரெய்லருக்கு கிரீஸ் வைக்க வேண்டும் என்று சாக்கு. உண்மையில் முட்டி வலி, மண்டியிட முடியாது. சொன்னால் தைலத்தோடு வந்து நிற்பாள்.

ஞாயிறு என்றால் குழுவில் ‘இப்போ இன்னா படிக்கிற’ நாள். துறைமுக கியூவில் நிற்கும் ட்ரெய்லர் டிரைவர்கள் மட்டும் உள்ள வாட்ஸாப் குழு. ஆளுக்கு ஒரு குரல் பதிவு. பூ, சாமி படம், காலை வணக்கம் கூடாது. படிக்காதவன் படிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மட்டமான புத்தகத்தை ஆஹா ஓஹோ என்று சொல்லி மாட்டிவிட்டவன் அடுத்த கியூவில் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

இன்று வந்தவை:

தண்டையார்பேட்டை காதர் பாய் – கை வைத்தியப் புத்தகம். வெந்தயம் எதற்கெல்லாம் நல்லது என்று ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. டீ கேட்டுவிடலாமா என்று யோசனை.

ஏழுமலை – பேய்க்கதை. விஜயவாடா லோடு, வழியிலிருந்து பேச்சு. “பகல்ல மட்டும் படி மாமே. நைட்டு படிச்சிட்டு கண்ணாடியில பின்னால பாக்க முடியல.”

நான் – இட்லிக்கடைக்காரி, இரண்டாம் துண்டு, பாதி.

மாதவரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார், “துண்டுன்னா இன்னாண்ணே?” பாய் விளக்கினார். தடிப் புத்தகம் ஒருத்தன் கையில் மாட்டினால் மற்றவன் எல்லாம் கொட்டாவி விட வேண்டியதுதான். அதனால் பிளேடு போட்டு மூன்றாக வெட்டி, கோணி ஊசியால் தைத்து, சிமெண்ட் பை காகிதத்தில் அட்டை. மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று மார்க்கரில் எழுத்து. துறைமுக கேட்டுக்குள் நுழைகிற வண்டி, கையில் உள்ள துண்டைப் பின்வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதைப் படி. மீதியைப் படித்தவனிடம் கேட்டுக்கொள். அவ்வளவுதான் சட்டம்.

புது ஆள்: “கதைய பின்னாலருந்து படிப்பீங்களா?”

பாய்: “ஊரே அப்டித்தாம்பா படிக்குது. பொறந்ததுலருந்தா ஒர்த்தன் கதை நமக்கு தெரியுது? பாதியிலதான தோஸ்து ஆவுறோம்.”

பாய் இப்படி எப்போதாவது சொல்லிவிடுவார். அப்புறம் மறுபடி வெந்தயம்.

சாயங்காலம் ஜெனிக்குப் போன். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள். “துன்னியா?” “துன்னேன்.” “மாப்ள?” “டூட்டி.” “சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்.” ஐந்து மாதமாக இதே பேச்சு.

ஐந்து மாதம் முன்னால் அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப் போனது. பெண் குழந்தை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ரீட்டாவின் கட்டளை, “அத்த பத்தி யாரும் வாயே தொறக்க கூடாது. மறக்கணும் அவ.” சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான். எல்லோரும் அவளிடம் மழை, வெயில், மின்தடை பற்றிப் பேசுகிறோம். அவள் உம் கொட்டுகிறாள். மாப்பிள்ளை பிரபு சொல்கிறார், சன்னல் பக்கம் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தானாம்.

இன்று என்னவோ, போனை ரீட்டாவிடம் கொடுக்கும் முன் வாயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். “இப்போ இன்னா படிக்கிற?”

பள்ளிக்கூட நாளில் தட்டுக்கு முன்னால் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்ட பெண்.

“ஒன்னும் படிக்கல நைனா. எத்த எடுத்தாலும் ரெண்டு பக்கம் தாண்டல.” பிறகு அவளே, “நீ இன்னா படிக்கிற?”

அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 8, செவ்வாய்

திருவொற்றியூர் பக்கம் கியூ. அசையவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் டீசல் புகை. மோர்க்காரம்மா வந்தாள். முன்வண்டிக்காரன் படுக்கை போட்டுவிட்டான். எனக்குப் பரம சந்தோஷம். இரண்டாம் துண்டு முடிந்தது, மூன்றாவதும் கைக்கு வந்தது.

ஞாயிறு ஜெனியிடம் கதை சொல்ல ஆரம்பித்தேன், நேற்றும் சொன்னேன். மரகதம் என்று ஒருத்தி. ரயில் ஜங்ஷன் ஊரில் தனியாக இட்லிக்கடை போடுகிறாள். வாய் என்றால் வாய். சட்னியில் காரம் போதவில்லை என்ற அதிகாரியின் தட்டைப் பிடுங்கி, நாளைக்கு வா, இன்றைக்கு உனக்கு இட்லி கிடையாது என்று அனுப்பிவிடுகிறாள். அவன் மறுநாள் கியூவில் முதல் ஆளாக நிற்கிறான். ஜெனி “அப்புறம்?” என்றாள். அப்புறம்! பச்சை சிக்னல் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

இந்த மரகதம் தினமும் காலையில் முதல் பாலை ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி மூடி அலமாரியில் வைக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை. ஏன் என்று இரண்டாம் துண்டில் இல்லை. கியூவில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. பாய், பூனைக்கு என்கிறார். நான், சாமிக்கு. மோர்க்காரம்மா கதையைக் காதால் கேட்டதோடு சரி, அவள் தீர்ப்பு: “ஓடிப்போன புருசனுக்கு. வந்தா மூஞ்சில ஊத்த.” சிரித்துப் புரை ஏறியது.

ஏழுமலைக்கு போன் போட்டேன். முதல் துண்டு அவன் கேபினில்தான் கிடக்கிறது, விஜயவாடாவுக்குக் கொண்டுபோய்விட்டான். சட்டப்படி தப்பு. “மொத துண்டுல இன்னாடா கீது?”

“இழுவ மாமே. ஊரு, குடும்பம்னு போவுது. அத்த வுடு. ரெண்டுலருந்து புடி, ஷோக்கா கீது.”

சரி, நம்பினேன். இவன் நல்ல படிப்பாளி. முகத்துவாரக்குப்பத்துக்காரன். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து மீன் குறைந்ததும் படகை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன். இவன் சொல்லி நான் படித்து வீணானது எதுவும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

மூன்றாம் துண்டு முடிந்தது. டம்ளர் எதற்கு என்று இதிலும் இல்லை. கடைசியில் மரகதம் இன்னொரு கடை திறக்கிறாள், ரயில் எல்லாம் விசில் அடிக்கிறது. கண் கலங்கியது. பக்கத்து வண்டிக்காரனுக்குத் தெரியாமல் துண்டால் துடைத்தேன் (தோளில் போடும் துண்டு).

ஒரு முடிவு. வெட்டாத, முழுப் புத்தகம் ஒன்று வாங்கி ஜெனிக்கு அனுப்ப வேண்டும். நான் சொல்லிக் கேட்பதை விட அவளே படிக்கட்டும். சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இட்லிக்கடைக்காரியோடு உட்கார்ந்திருக்கட்டும்.

பக்கத்தின் தலையில் புத்தகப் பெயர் அச்சாகி இருக்கிறது. போட்டோ எடுத்து மவுண்ட் ரோடு பக்கம் ஒரு புத்தகக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு பிரதி இருக்கிறது, நேராக ஓசூருக்கே கூரியர் போட்டுவிடுகிறேன் என்றார். உள்ளே ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். ‘நைனா சிபாரிசு. படிச்சுட்டு சொல்லு’ என்று எழுதச் சொன்னேன்.

வீட்டுக்கு வாங்க வேண்டியவை: முட்டித் தைலம், ரீட்டாவுக்கு ரீசார்ஜ், கொசுவத்தி. மூன்றையும் மறந்தேன். ரீட்டா ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

குழுவில் அடித்துச் சொன்னேன். இந்த வருடத்தில் நான் படித்ததில் நம்பர் ஒன் இட்லிக்கடைக்காரி. வீட்டுப் பெண்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். மனசு லேசாகும். என் மகளுக்கே அனுப்பியிருக்கிறேன்.

எல்லோரும் கட்டைவிரல். ஏழுமலை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றும் போடவில்லை. சிக்னல் இல்லையோ என்னவோ.

மதியம் நெத்திலி வறுவல். மழை வருவது போல் காட்டிவிட்டு ஏமாற்றியது.

ஜூலை 15, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

காலையில் ஏழுமலை வண்டி கியூவில் எனக்குப் பின்னால் வந்து நின்றது. இறங்கி வந்து முதல் துண்டை என் கேபினில் வைத்தான். “நீயே பாத்துக்க மாமே” என்றவன் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

முதல் பக்கம். மரகதத்துக்குப் பிரசவம். குழந்தை பிறக்கிறது. அழவில்லை.

அடுத்த பக்கமும் அதுதான். அதற்கடுத்ததும். ஊரே சேர்ந்து அவளை மறக்கச் சொல்கிறது. அவள் மறக்க மாட்டேன் என்று ரயில் ஏறுகிறாள். அந்த டம்ளர் பூனைக்கு இல்லை. சாமிக்கும் இல்லை. நாங்கள் சிரித்தோமே.

மற்றவர்கள் எல்லாம் அவளிடம் மூடி மூடிப் பேசிக்கொண்டிருக்க, நான் கூரியரில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நைனா சிபாரிசு. மனசு லேசாகும். மடையன்.

கடைக்காரருக்குப் போன். பார்சல் போய் நாளாகிவிட்டது என்றார். பிரபுவுக்குப் போன். “மாப்ள, ஒரு புக்கு வரும், ஜெனி கைல குடுக்காதீங்க, எடுத்து ஒளிச்சு வெச்சுடுங்க.”

“நேத்தே வந்துடுச்சே மாமா. அவதான் பிரிச்சா. காலையிலருந்து அதை வெச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கா.”

“எந்தப் பக்கத்துல கீறா?”

இதென்ன கேள்வி என்று நினைத்திருப்பார். “ஆரம்பத்துலதான் இருக்கும் மாமா” என்றார்.

ரீட்டாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, “படிச்சுப் பாத்துட்டு அனுப்ப மாட்டியாய்யா?” என்றாள். படித்தேனே ரீட்டா. பாதியிலிருந்து படித்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஜெனி போன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

ஏழுமலையை மடக்கினேன். டீக்கடை பின்னால், டயர் மேல் உட்கார்ந்திருந்தான். கோபமாகத்தான் போனேன். “ஏன்டா, இழுவன்னு சொன்னியே. இத்தையாடா இழுவன்னு சொன்ன?”

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை.

“எங்க வூட்லயும் ஒன்னு போச்சுண்ணே. பையன். இப்ப கீற பொண்ணுக்கு முன்னால. யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பக்கத்த படிச்சேன், அப்பால முடியல. உன்கிட்ட அத்த எப்டி சொல்றது? இழுவன்னு சொல்ட்டேன்.” மாமே என்று கூப்பிடுகிறவன் இன்று அண்ணே என்றான். “நீ புக்கு அனுப்பிட்டேன்னு குரூப்ல சொன்னப்ப, போன் பண்ணலாம்னு எடுத்தேன், வெச்சுட்டேன், எடுத்தேன், வெச்சுட்டேன்.”

இத்தனை வருடம் ஒரே கியூவில் நிற்கிறோம். பேய்க்கதை, துப்பறியும் கதை, ராஜா கதை எல்லாம் மாற்றிக்கொண்டோம். அவன் பையன் கதை எனக்குத் தெரியாது. என் பேத்தி கதை அவனுக்குச் சொன்னதில்லை, பாய் சொல்லித்தான் தெரிந்ததாம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன். அவனும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மண்டியிட்டேன். வலித்தது, வலிக்கட்டும்.

குழுவில் நான் பதிவு போடவில்லை. புது ஆள் கேட்டான், “இட்லிக்கடை அண்ணன் இன்னா, சைலண்டு?” பாய் உடனே பத்து நிமிடத்துக்கு வெந்தயம் பற்றிப் பேசி ஆளை அமுக்கிவிட்டார். பாய் நன்றாக இருக்கட்டும்.

பிரபு மட்டும் சாயங்காலம் ஒரு வரி அனுப்பினார். ‘நேற்று அழுதாள் மாமா. இத்தனை நாள் அழவே இல்லை.’ இது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. ரீட்டாவிடம் காட்டினேன். அவளுக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓசூருக்குப் போய்விடலாமா? போய் என்ன சொல்வது?

ஜூலை 22, செவ்வாய்

காலையில் தூறல், எண்ணூர்ப் பக்கம் கருத்துக்கிடந்தது. ஏற்றுமதி கன்டெய்னர், கியூவில் நடுவில் நான், பின்னால் காதர் பாய் வண்டி. வைப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன். ஜெனி.

“நைனா, எங்க கீற?”

“கியூலம்மா.”

“அந்த புக்கு... தெரிஞ்சுதான் அனுப்புனியா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது ஒரு நொடி. சொல்லியிருந்தால் பெரிய மனிதன் ஆகியிருப்பேன். வாய் வரவில்லை. “இல்லம்மா. சத்தியமா தெரியாது. மொத துண்டு எனுக்கு கெடைக்கல. ரெண்டாவதுலருந்துதான் படிச்சேன். இட்லி, சண்டை, சிரிப்புன்னு நெனச்சு அனுப்பிட்டேன். மன்னிச்சுடும்மா.”

“துண்டா?”

சொன்னேன். பிளேடு, கோணி ஊசி, சிமெண்ட் பை, எல்லாம்.

“புக்க வெட்டுவீங்களா?” என்றாள். பிறகு ஒரு சத்தம். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். என் மகள் சிரிக்கிற சத்தம் எனக்கே மறந்து போயிருக்கிறது.

“யாரும் என்கிட்ட பேசல நைனா,” என்றாள் அப்புறம். “அம்மா, அத்தை, இவரு, யாரும். அப்டி ஒன்னு நடக்கவே இல்லன்னு வெச்சுகினு எல்லாரும் இன்னா கொழம்புன்னு கேக்கறீங்க. இந்த புக்குதான் மொத பக்கத்துலயே சொல்லுது. மூணு வாட்டி படிச்சுட்டேன் அந்தப் பாகத்த மட்டும். நீ படிச்சியா இப்பவாச்சும்?”

“கொஞ்சம். முழுசா முடியலம்மா.”

“அப்ப நான் படிக்கறேன், நீ கேளு.”

படித்தாள். வாசிப்பில் சின்ன வயசு நிறுத்தல், இழுத்தல் எல்லாம் அப்படியே. முன்வண்டி நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் இன்னும் பெரிய ஹாரன். காதர் பாய் இறங்கி, கதவுப் படியில் ஏறி, “யோவ், இன்னாய்யா, தூங்கிகினு...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். இறங்கிப் போய் நடுரோட்டில் நின்றுகொண்டு, பின்னால் வந்த வண்டிகளை எல்லாம் கையைக் காட்டி என்னைச் சுற்றிப் போகச் சொன்னார். தூறலில் நனைந்துகொண்டு, போக்குவரத்து போலீஸ் மாதிரி. அவர் முறையும்தான் போயிற்று.

மரகதம் குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்து முகத்தைப் பார்க்கிற இடம். ஜெனி நிறுத்திவிட்டாள். பக்கம் புரட்டுகிறாள் என்று நினைத்தேன்.

“இவளுக்காச்சும் மூஞ்சி தெரியும்,” என்றாள். “எனுக்கு காட்டவே இல்ல. மயக்கம் தெளிஞ்சப்ப எல்லாம் முடிச்சுட்டீங்க. நீதான் தூக்கினு போனேன்னு இவரு நேத்துதான் சொன்னாரு.”

ஆமாம். நான்தான். இதை இங்கேகூட எழுதியதில்லை. பிரபுவால் நிற்க முடியவில்லை. நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கல்லறை வரை காரில் என் மடியில்தான். துணியை விலக்கிப் பார்த்தேன், வழியெல்லாம் பார்த்தேன். ரீட்டா அன்றைக்கு ஒரு தடவை கேட்டாள், சொல்லவில்லை. அதற்கப்புறம் யாரும் கேட்காமல் இருந்ததும் எனக்கு ஒரு வகையில் வசதிதான்.

“எப்டி இருந்துச்சு நைனா?”

ரீட்டாவின் கட்டளை ஞாபகம் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை.

“முடி நெறைய இருந்துச்சும்மா,” என்றேன். “கன்னங்கரேல்னு. நெத்தி உன் நெத்தி. வெரல் நீளம், மாப்ள மாரி. தூங்குற கொயந்த எப்டி இருக்கும், அப்டிதான். வாய் மட்டும் கொஞ்சம் தொறந்து...” ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

“இன்னும் சொல்லு நைனா,” என்றாள்.